அமெரிக்காக் காரும் பதிமூணு செவ்வாயும்

லூர்துமேரியைக் கேக்காம இந்த ஜென்மத்துல ஒரே ஒரு காரியமாவது பண்ணிடணும்னு ஒரு நாள் முடிவெடுத்தேன். சின்னக் காரியமா பண்ணா மரியாதையா இருக்காது. அதனால பதினெட்டு அடி நீளத்துல பண்ணேன். ஒரு அமெரிக்காக் காரு வாங்கினேன்.

நான் அந்தோணிசாமி. விழுப்புரத்துல ஆட்டோ எலக்ட்ரீசியன். முப்பது வருசமா ஊர்ல ஓடற பாதி வண்டிக்கு வயரிங் பாத்தவன். வீட்டுல மட்டும் என் ஃபியூஸை என் சம்சாரம் லூர்துமேரி பிடுங்கி முந்தானையில முடிஞ்சு வச்சிக்கினு இருக்கா. அவ அங்கன்வாடி டீச்சரு. முப்பது புள்ளைங்களை ஒரே முறைப்புல உக்கார வைப்பா. வீட்டுக்கு வந்தா நான் முப்பத்தோராவது.

காரைப் பத்திச் சொல்றேன், பொறாமைப்படாதீங்க. பிளைமவுத்து. ஐம்பத்தெட்டு மாடல். புதுச்சேரியில ஒரு பழைய ரைஸ் மில்லுல கெடந்துது, உள்ள கோழி அடைகாத்துக்கினு இருந்துது. கோழியைச் சமாதானம் பண்ணிட்டு காரைக் கொண்டாந்தேன். இப்ப பாத்தீங்கன்னா வானத்து நீலம். பம்பரு புது எவர்சில்வர் அண்டா மாதிரி பளபளன்னு இருக்கும். பின்னாடி ரெண்டு பக்கமும் மரக்காணத்துச் சுறாவுக்கு இருக்கற மாதிரி துடுப்பு. முன் சீட்டுல குடும்பமே படுக்கலாம். ஒரே ஒரு விசேஷம், ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும்.

ஏன் இந்தப் பைத்தியம்னு கேப்பீங்க. எங்கப்பா கெடார்ல ஒரு பெரிய வூட்டுல இந்த மாதிரி ஒரு காரைத் தெனம் துடைச்சவரு. இருபது வருசம் துடைச்சாரு. ஒரு நாளும் உள்ள உக்காந்ததில்ல. உக்காருடான்னு சொன்னவனும் இல்ல. என் பொண்ணு ஜெசிந்தா கல்யாணத்துக்கு மாதா கோயிலுக்குப் போனா, அந்த மாதிரி காரு பின் சீட்டுல உக்காந்துக்கினுதான் போவணும். நான்தான் ஓட்டணும். மொத்த ஊரும் வாசல்ல நின்னு பாக்கணும். அவ்ளோதாங்க ஆசை.

லூர்துமேரிகிட்ட சொன்னா என்ன சொல்லுவா? "இருக்கற வூடு மழைக்கு ஒழுவுது, உங்களுக்குக் கப்பல் கேக்குதா?"ம்பா. அதான் காரைத் திண்டிவனத்துல என் சிநேகிதன் அரங்கநாதனோட மல்லாட்டை குடோன்ல, அதாங்க வேர்க்கடலை குடோன்ல, ஒளிச்சு வச்சேன். கல்யாணத்தன்னிக்கு நேரா வூட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்தறதுன்னு பிளான். சனிக்கிழமை சனிக்கிழமை போயி காரை ரெடி பண்ணுவேன்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"திண்டிவனத்துல பேட்டரி சர்வீஸு, மேரி."

"போன வாரமும் போனீங்களே?"

"பெரிய பேட்டரி."

அவ சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக் குடுத்தா. எனக்கே ஆச்சரியமா இருந்துது. அடுத்த வாரம் அவளே ஆரம்பிச்சா.

"ஏங்க, நான் அந்தோணியாருக்குப் பதிமூணு செவ்வாய் நேந்துக்கினு இருக்கேன். திண்டிவனத்துல பூசை. சாயங்காலம் போயிட்டு வந்துடறேன்."

"எதுக்கு நேத்தி?"

"காணாமப் போனதைக் கண்டுபிடிச்சுக் குடுக்கறவரு இல்ல அவரு?"

"நம்ம வூட்டுல என்னா காணாமப் போச்சு?"

"சனிக்கிழமை ஆனா நீங்கதான்."

நான் சட்டுனு பேச்சை மாத்தினேன். ஆனாலும் சந்தோசம். செவ்வாய்க்கிழமை அவ சாமிகிட்ட, சனிக்கிழமை நான் காருகிட்ட. ஒருத்தரை ஒருத்தர் குறுக்க வராம ஒரு குடும்பம் நடக்குதுன்னா அது எவ்ளோ பெரிய கொடுப்பினை!

அதுக்கப்புறம்தான் காரு பேஜாரு பண்ண ஆரம்பிச்சுது. நான் எப்பப் போனாலும் முன் சீட்டு ஸ்டியரிங்கோட ஒட்டிக்கினு நிக்கும். உக்காந்தா முட்டி ரெண்டும் வயித்துல இடிக்கும். பின்னாடி தள்ளி வச்சிட்டு வருவேன். அடுத்த வாரம் போனா மறுபடியும் முன்னாடி.

"அரங்கா, சீட்டு தானா நவுருதுடா."

"அமெரிக்கா சீட்டு இல்ல அண்ணே, முன்னேறிக்கினே இருக்கும்."

"பெட்ரோலும் கொறையுது."

"காத்துல போவும் அண்ணே."

"மல்லிப்பூ வாசனை வருதே?"

"எலி" என்றான். மல்லிப்பூ வாசனை வர்ற எலி எந்த ஊர்லடா இருக்குதுன்னு நான் கேட்டிருக்கணும். கேக்காம சீட்டு தண்டவாளத்துக்குக் கிரீஸ் போட்டேன். அடுத்த வாரம் இன்னும் சுலபமா முன்னாடி போயிருந்துது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் டிரையல் பாக்கலாம்னு பிரம்மதேசம் ரோட்டுல எடுத்தேன். அப்பதான் ஒரு விஷயம் புரிஞ்சுது. நான் உக்காந்திருக்கறது இடது பக்கம். எதிர்ல வர்றவன் பாக்கறது வலது பக்கம். அங்க ஆளே இல்ல. டிரைவர் இல்லாம பதினெட்டு அடிக் காரு தானா வருதுன்னு ஒரு அம்மா ஆட்டை எல்லாம் கொல்லையில எறக்கிடுச்சு. டீக்கடையில ஒரு பெரியவரு செருப்பைக் கழட்டிட்டு கும்பிட்டாரு.

அது பரவாயில்ல. முன்னாடி ஒரு வைக்கோல் லாரி. அதை முந்தணும். எதிர்ல பஸ்ஸு வருதான்னு பாக்கணும்னா காரு பாதி வலது பக்கம் போனாத்தான் எனக்குத் தெரியும். பஸ்ஸு வந்துச்சுன்னா நான் பாதிதான் மிஞ்சுவேன். பிரம்மதேசம் வரைக்கும் வைக்கோல் பின்னாடியே போனேன். அவன் டீ குடிக்க நின்னான், நானும் நின்னேன். திரும்பி வர்றப்ப தலையெல்லாம் வைக்கோலு. லூர்துமேரி அதை ஒண்ணொண்ணா எடுத்துப் போட்டுக்கினே, "பேட்டரிக்குள்ள வைக்கோல் கூட வெக்கறாங்களா?"ன்னு மட்டும் கேட்டா.

கல்யாண நாளும் வந்துது. பதினோரு மணிக்குப் பூசை. லூர்துமேரி விடியறதுக்குள்ளயே பூ வாங்கப் போறேன்னு போயிட்டா. நல்லதாப் போச்சுன்னு நான், ராத்திரியே அவகிட்ட சொல்லி வச்ச ஐஸ்கிரீம் பேரைச் சொல்லிட்டு, பொழுது விடிஞ்சதும் பஸ்ஸு ஏறி திண்டிவனம் போனேன். குடோன் கதவைத் தொறந்தேன். மல்லாட்டை மூட்டை இருக்குது. காரு இல்ல.

மூட்டைக்குப் பின்னாடி கூடத் தேடிப் பாத்தேங்க. அரங்கநாதன் வேப்பங்குச்சியோட வந்தான்.

"டேய், காரு எங்கடா?"

"அண்ணி பெட்ரோல் போட எடுத்துக்கினு போயிருக்காங்க."

"எந்த அண்ணிடா?"

"எனக்கு ஒரே அண்ணிதான். உனக்கு வேற இருக்குதா?"

வெளிய ஹாரன் சத்தம். கல்யாண பேண்டே கெட்டுது போ, அப்படி ஒரு சத்தம். பட்டுப்புடவை, தலையில ரெண்டு மொழம் மல்லி, ஸ்டியரிங்குக்கு மேல பாதி மூஞ்சி மட்டும் தெரியுது. லூர்துமேரி.

"ஐஸ்கிரீம் வாங்கியாச்சா? ஜல்தி ஏறுங்க."

நான் இடது பக்கக் கதவைத் தொறந்தேன்.

"அந்தப் பக்கம்" என்றாள். போனேன்.

திண்டிவனம் தாண்டினோம். காரு வெண்ணெய் மாதிரி போவுது. சீட்டு ஏன் முன்னாடி போச்சுன்னு அப்பதான் இந்த மண்டையில ஏறுச்சு. அவ அஞ்சடிக்கு ஒரு விரக்கடை கம்மி.

"மேரி... உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத வாரமே. அரங்கநாதன் சம்சாரம் பவுனு எங்க மகளிர் குழுவுல இல்ல?"

"லைசென்ஸு?"

"நாலு வருசமாச்சு. பொம்பளைங்களுக்கு இலவசமா சொல்லித் தராங்கன்னு போனேன். உங்ககிட்டயும் சொன்னேன். சரி சரின்னீங்க. கிரிக்கெட்டு ஓடிக்கினு இருந்துது."

"அப்ப நேத்தி?"

"பதிமூணு செவ்வாயும் பூசை பாத்தேன். பூசை முடிஞ்சப்புறம் ஓட்டிப் பாத்தேன். பவுனு வலது பக்கம் உக்காந்து எதிர்ல வண்டி வருதான்னு சொல்லுவா."

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

கியரை மாத்தினா. அப்புறம், "அப்பா துடைச்ச காரு, அப்பா துடைச்ச காருன்னு இருபத்தஞ்சு வருசமா தூக்கத்துல பொலம்பறீங்க. அதைப் போயி வேணாம்னு சொல்ல நான் என்ன கல்லா?" என்றாள்.

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. இவளை ஏமாத்தணும்னு ஆறு மாசம் நாயா பேயா அலைஞ்சேனேன்னு வெக்கமா இருந்துது.

"அழுவாதீங்க. சீட்டு நனையும்."

வூட்டுக்கு வந்து ஜெசிந்தாவைப் பின் சீட்டுல ஏத்தினோம். அவ ஒருத்தி உக்காந்தும் இடம் கெடந்துது. கோயில் நெருங்க நெருங்க எனக்குப் படபடப்பு.

"மேரி, வாசல்ல மட்டும் நான் ஓட்றேனே."

"வைக்கோல் பின்னாடியே பிரம்மதேசம் போனவரு நீங்க. கல்யாணம் இன்னிக்கே நடக்கணும்."

"ஊரு சிரிக்குமே."

"சிரிக்காது. அந்த வலது பக்கம் வெறைப்பா உக்காருங்க. மிச்சத்தை ஊரே பாத்துக்கும்."

வெறைப்பா உக்காந்தேன். கையை மடியில வச்சிக்கினேன். காரு கோயில் வாசல்ல வழுக்கிக்கினு போயி நின்னுது. மொத்தக் கூட்டமும் ஓடி வந்துது, என் பக்கமா! எவனுக்கும் ஸ்டியரிங் ஞாபகம் இல்ல. வலது பக்கம் உக்காந்தவன்தானே டிரைவரு?

சம்பந்தி புகழேந்தி என் கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு. "சம்பந்தி, இன்னா ஓட்டு! நீங்க ஸ்டியரிங்கைத் தொட்ட மாதிரியே தெரியல!"

"பழக்கம்தான்" என்றேன். லூர்துமேரி சாவியை எடுத்து இடுப்புல சொருவிக்கினா.

ஜெசிந்தா எறங்கறப்ப கண்ணாடி வழியா என்னைப் பாத்து சிரிச்சா. எங்கப்பா துடைச்ச அத்தனை கண்ணாடிக்கும் அது போதும்னு இருந்துது.

இப்ப விழுப்புரத்துல என் பேரே பிளைமவுத்து அந்தோணிசாமி. என்னை மாதிரி ஓட்ட ஆளே இல்லன்னு கடையில வந்து சொல்லிட்டுப் போறாங்க. ஞாயித்துக்கிழமை ஆனா பூசை முடிஞ்சு ரெண்டு பேரும் காரை எடுத்துக்கினு மண்டகப்பட்டு பக்கம் காத்தாடப் போறோம். சும்மா சொல்லக் கூடாது, லூர்துமேரி எனக்கும் ஒரு பொறுப்பு குடுத்திருக்கா. எதிர்ல வண்டி வந்தா நான்தான் சொல்லணும்.

அதுவும் அவ கேட்டாத்தான்.