பூச்சி சாரும் மாப்பிள்ளை மரியாதையும்

பூச்சிகளுக்கு வக்காலத்து வாங்குவதற்கென்றே ஒரு மனிதர் பிறந்தார் என்றால், அது எங்கள் பூச்சி சார்தான். வேளாண்மைத் துறையில் வேலை. திருவண்ணாமலையிலிருந்து தினமும் பஸ் ஏறிக் கீழ்பென்னாத்தூருக்கு வருவார். அங்கே பூச்சிமருந்துக் கடை வைத்திருப்பவன் நான். வந்ததும் வராததுமாக என் கடை வாசலில் நின்று என் வாடிக்கையாளரையே மறிப்பார்.

"இன்னாத்துக்கு மருந்து? வயல்ல எறங்கிப் பாத்தியா? செலந்தி இருக்காங்களா, தட்டான் இருக்காங்களா?"

விவசாயிக்கு 'நீ', சிலந்திக்கு 'ங்க'. இந்த மரியாதையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கெட்ட பூச்சியைத் தின்கிற நல்ல பூச்சியையும் மருந்து கொன்றுவிடும் என்பது அவர் கட்சி. கேட்பவர்களுக்குத் தலை நன்றாகவே ஆடும். பறவை உட்கார்ந்து புழுவைத் தின்னட்டும் என்று வயலில் குச்சி நடச் சொன்னார். நட்டார்கள். மறுவாரம் போனால், அதே குச்சியில் காக்காய் விரட்ட ஜிகினாத் தாள் கட்டியிருந்தார்கள். புழுவின் முட்டையை அழிக்கும் குட்டிக் குளவிகள் பொரிந்து வருகிற அட்டையைக் கொடுத்தார். எறும்பு ஏறிவிடுமே என்ற அக்கறையில் ஒருவர் அந்த அட்டை மேலேயே எறும்புப் பொடியைத் தூவினார். பூச்சி சார் தலையில் கை வைத்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் முனுசாமி என்ற விவசாயி ஒருவர்தான் மசிந்தார். இந்தப் போகம் நெல்லுக்கு மருந்தே அடிப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார். அந்த வயல் தேறினால் ஊரே பின்னால் வரும். தேறாவிட்டால் இனி ஒருவரும் இவரை வரப்பில் ஏற்ற மாட்டார்கள். பூச்சி சாருக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் பேண்ட்டை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கி, சிலந்திகளிடம் நலம் விசாரிப்பார். பயிர் பச்சைப்பசேலென்று நின்றது. நான் கடையில் விற்காத மருந்து டப்பாக்களை எண்ணத் தொடங்கினேன்.

ஒருநாள் வேடிக்கை பார்க்க நானும் கூடப் போனேன். அடி அண்ணாமலையிலிருந்து விருந்துக்கு வந்திருந்த முனுசாமியின் புது மாப்பிள்ளை, முதுகில் ஸ்ப்ரேயரோடு வயல் முழுக்க மருந்து அடித்துக்கொண்டிருந்தார். மாமனார் குடத்தில் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா பண்ணிக்கீற?" என்று அலறினார் பூச்சி சார்.

"மாப்ள நாலு புழுவப் பாத்துட்டு ஆசையா அடிக்கிறாரு. மொத தடவ விருந்துக்கு வந்துக்கீறாரு. வேணாம்னு எப்பிடி சார் சொல்றது?"

சிலந்திகள் செத்தன. காவல் இல்லாத வயலில் புகையான் பூச்சி புகுந்து, பயிர் வட்டம் வட்டமாகக் காய்ந்தது. மாப்பிள்ளை மருந்து அடித்ததைப் பற்றி முனுசாமி யாரிடமும் மூச்சு விடவில்லை.

"பூச்சி சார் பேச்சக் கேட்டா இதான் கதி!" என்று டீக்கடையே கைகொட்டிச் சிரித்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "நடந்தத சொல்லிடுங்க சார்" என்று அங்கேயே டீயோடு உட்கார்ந்திருந்த அவர் காதில் சொன்னேன்.

"வேணாம்பா. புதுசா கட்டிக் குடுத்த பொண்ணு. மாப்ள பேரக் கெடுத்துட்டா, அது அந்த வீட்ல எப்பிடிப் பொழைக்கும்?"

ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார். இனி எந்த வயலிலும் தன்னை இறங்க விடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். என் வியாபாரத்தைக் கெடுக்கவே வந்த அந்த மனிதர் ஏறிய பஸ் கண்ணை விட்டு மறைகிற வரைக்கும், எனக்குக் கடைக்குள் போக மனமே வரவில்லை.