சாவி போட்ட குட்டி

ஆடி முடிவதற்குள் ஆத்தாயியின் இடுப்பிலிருந்து அந்தச் சாவியை இறக்கியே தீருவது என்று சென்னியப்பன் சபதம் எடுத்துக்கொண்டார். வாய்விட்டு அல்ல, மனசுக்குள்தான். வாய்விட்டுச் சபதம் எடுக்கிற வழக்கத்தைக் கல்யாணமான மறு வாரமே விட்டுவிட்டார்.

சாவி, அடுக்களை அலமாரியினுடையது. அலமாரிக்குள் ஒரு சட்டி நிறையக் கச்சாயம். பச்சரிசி மாவும் ஜேடர்பாளையத்து வெல்லமும் சேர்த்து, எண்ணெயில் பொன்னிறமாகச் சுட்டு எடுத்தது. போன தடவை மைத்துனர் வருகிறார் என்று சுட்டு வைத்ததை, அவர் வண்டியை விட்டு இறங்குவதற்குள் சென்னியப்பன் காலி செய்துவிட்டார். அன்றிலிருந்து பூட்டு. காலையில் ஒன்று, பொழுது சாய ஒன்று, மருந்து மாதிரி கொடுப்பாள். மூன்று ஏக்கர் கரும்பு வைத்திருக்கிற மனுஷனுக்கு இதைவிட அவமானம் உண்டா?

இந்த நேரத்தில்தான் ஊருக்குப் பெரிய நிலக்காரரான மிட்டாதார் தண்டாயுதபாணிக்கு ஓர் ஆசை வந்தது. சேலத்தில் ஒரு துரை வீட்டுக் குழந்தையின் பிறந்த நாள் விருந்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். தம் பேரனின் ஐந்தாம் பிறந்த நாளையும் அதே தினுசில் நடத்த வேண்டும் என்றார். துரை வீட்டில் ஒருவன் குழந்தைகளுக்குச் செப்பிடு வித்தை காட்டினானாம்.

"நம்மூர்ல அந்த வித்தை ஆருக்காச்சும் தெரியுமா?"

"எனக்குத் தெரியுமுங்க, சாமி!" என்றார் சென்னியப்பன். சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய் முப்பது வித்தைகள் அடங்கிய புத்தகத்தை வாங்கி வந்தார்.

இருபத்தேழாவது வித்தையில் அவர் கண் குத்திட்டு நின்றது. சபையில் ஒருவரிடம் சாவியை வாங்கி மறைக்க வேண்டும். பிறகு ஒரு லட்டைப் பிட்டால் உள்ளே அதே சாவி! சூட்சுமம் சின்னதுதான். சாவி ஒன்றல்ல, இரண்டு. அசல் வித்தைக்காரனின் சட்டைக் கைக்குள் போய்விடும். நகல் லட்டுக்குள்ளிருந்து வெளியே வரும். கொடுத்தவர் நகலை வாங்கிக்கொண்டு, கையும் தட்டிவிட்டுப் போவார். அசல் இவரிடமே தங்கும். படிக்கப் படிக்கச் சென்னியப்பனுக்குப் புத்தகத்திலிருந்தே கச்சாய வாசனை அடித்தது.

ஆனால் நேரே போய்க் கேட்டால் சந்தேகப்படுவாள். அவளையே தேர்ந்தெடுக்க வைக்க வேண்டும். புத்தகமும் கையுமாக அடுக்களை வாசலில் போய் உட்கார்ந்தார்.

"ஏம்புள்ள, கொழந்தைங்களுக்கு எந்த வித்தை காட்டலாம்? வாயில நெருப்பு அள்ளிப் போடறது?"

"மீசை போனா மறுக்கா மொளைக்குமுங்க. மிட்டாதார் ஊட்டுப் பந்தல் மொளைக்குமுங்களா?"

"செரி, ஒரு பையனைத் துணியில மூடித் தலைய வெட்டறது?"

"பொறந்த நாளதுமா தலைய வெட்டறீங்களா? நல்லா இருக்குது உங்க ரோசனை!"

"கூடைக்குள்ள இருந்து பாம்பு?"

"பல்லியக் கண்டாலே கட்டில் மேல ஏர்றீங்க. பாம்பை ஆரு புடிக்கறது?"

"மோதரத்தைக் காணாமப் பண்ணறது?"

"காணாமப் போறது உங்க கைக்குப் புதுசா? திரும்பி வரலீன்னா என்ன பண்ணுவீங்க?"

சென்னியப்பன் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சைக் காலையிலிருந்து ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். "சாவிய லட்டுக்குள்ள வர வெக்கறதுன்னு ஒண்ணு இருக்குது. அது அவ்வளவு நல்லா இருக்காது."

"ஏனுங்க, அதுதான் கொழந்தைங்களுக்கு ஏத்தது! வித்தை பலிக்காட்டியும் லட்டு மிஞ்சுமல்லோ?" ஆத்தாயி இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து அவர் கையிலேயே வைத்தாள். "பழகிப் பாத்துட்டு வெளக்கு வெக்கறதுக்குள்ள குடுத்துருங்க. அப்படியே எருமைக்குப் பருத்திக்கொட்டை அள்ளி ஊறப் போட்டுருங்க."

சாவி கைக்கு வந்த சந்தோஷத்தில் எருமை மறந்துபோயிற்று. துணி துவைக்கிற சவக்காரக் கட்டியில் சாவியை அழுத்தி அச்சு எடுத்தார். கொல்லர் மயில்சாமியிடம் ஓடி, பிறந்த நாள் காலைக்குள் நகல் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். விளக்கு வைப்பதற்குள் சாவியைத் திருப்பிக் கொடுத்தும்விட்டார்.

அடுத்து வந்த எட்டு நாளும் ஆத்தாயி ஒரே பாட்டைத்தான் பாடினாள்.

"ஏனுங்க, எருமைக்குப் பருத்திக்கொட்டை..."

"வித்தைக்காரன் கையில பருத்திக்கொட்டை நாத்தம் அடிக்கப்படாது புள்ள!"

அவளும் மேலே பேசாமல் தானே போய் அள்ளிப் போட்டுவிட்டு வந்தாள். அவள் மேலே பேசாதிருந்ததே ஓர் அதிசயம். சென்னியப்பன் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

பிறந்த நாள் வந்தது. காலையில் கைக்கு வந்த நகலைச் சென்னியப்பன் ஒரு லட்டுக்குள் வைத்துப் பிடித்துத் தட்டில் தயாராக வைத்துவிட்டார். முன்வரிசையில் குழந்தைகள், நடுவே சாய்வு நாற்காலியில் மிட்டாதார், தூண் ஓரமாகப் பெண்கள். சபையில் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதை இல்லை. அதனால், "சாவி வெச்சிருக்கற சாமி வாங்க" என்று கூப்பிட்டதும் ஆத்தாயி எழுந்து வர வேண்டும் என்று ஏற்பாடு.

சென்னியப்பன் தொண்டையைக் கனைத்தார். "சாவி வெச்சிருக்கற சாமி வாங்க, சாமி!"

அந்த வட்டாரத்தில் இடுப்புக் குழந்தையும் சாமிதான், பல் விழுந்த கிழவரும் சாமிதான். முன்வரிசை முழுக்க எழுந்து நின்றது. "எங்கிட்ட சாவி இல்லியே!" என்று ஒரு வாண்டு அழவே ஆரம்பித்துவிட்டது. ஆத்தாயி மெதுவாக எழுந்தாள். அதற்குள் சாய்வு நாற்காலி கிறீச்சிட்டது. சென்னியப்பன் தினமும் வாய் நிறையச் சாமி என்று கூப்பிடுகிற மிட்டாதாரே எழுந்து வந்து, நெல் களஞ்சியத்தின் சாவியை நீட்டினார். அது ஒரு சாண் நீளம்.

"இந்தா, சென்னியப்பா. பாக்கலாம் உன்ற சாமர்த்தியத்தை!"

வேண்டாம் என்று மிட்டாதாரிடம் யார் சொல்வது? சென்னியப்பன் கண்ணை மூடி, வாயில் வந்ததை மந்திரமாக முணுமுணுத்து, சாவியைச் சட்டைக் கைக்குள் தள்ளினார். அது தோளைத் தாண்டி, விலாவைச் சில்லென்று தடவி, சட்டையின் அடிவழியாக வெளியே வந்து ணங்கென்று அவர் கால் பெருவிரலிலேயே விழுந்தது. அவர் ஒற்றைக் காலில் குதிக்கும்போது பேரன் லட்டைப் பிட்டான். உள்ளேயிருந்து விரல் நீளச் சாவி ஒன்று எட்டிப் பார்த்தது.

பையன் கீழே கிடந்ததைப் பார்த்தான். கையிலிருந்ததைப் பார்த்தான். தாத்தாவிடம் ஓடினான்.

"அப்பாரு! உங்க சாவி குட்டி போட்டுருச்சு!"

சபை கொல்லென்று சிரித்தது. மிட்டாதாருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இனி எங்க ஊட்டுப் பொறந்த நாளுக்கெல்லாம் நீதானப்பா வித்தைக்காரன்!" என்று முதுகில் தட்டினார். சென்னியப்பன் அதைக் காதில் வாங்கவில்லை. ஆத்தாயி முன்னால் வந்து குட்டியை எடுத்துக்கொண்டிருந்தாள். தன் இடுப்புச் சாவியோடு சேர்த்துப் பிடித்தாள். பல்லுக்குப் பல் பொருந்தியது.

"குட்டி தாயாட்டமே இருக்குதுங்க," என்றாள்.

வீடு வரைக்கும் சென்னியப்பன் நான்கடி பின்னாலேயே நடந்தார். இன்றைக்கு இடி விழப்போகிறது என்று நடுங்கினார். விழவில்லை. ஆத்தாயி சின்னச் சாவியை அவர் கையில் வைத்து விரல்களை மடக்கினாள்.

"நீங்களே வெச்சுக்குங்க. ஊரே சிரிக்கற மாதிரி வித்தை காட்டுனதுக்குப் பரிசு."

இப்படிப்பட்டவளையா ஏமாற்ற நினைத்தோம் என்று சென்னியப்பன் நிஜமாகவே வருந்தினார். அலமாரி வரைக்கும் நடந்து போகிற நேரம் முழுக்க வருந்தினார்.

திறந்தார். சட்டியும் இல்லை, கச்சாயமும் இல்லை. நடுத்தட்டில், சாவிப் பல் பதிந்த சவக்காரக் கட்டி ஒன்று மட்டும் உட்கார்ந்திருந்தது.

"அடிப் பாவி! எந்தப் பொட்டியில வெச்சுப் பூட்டீருக்கற?"

"நான் எதுக்குங்க பூட்டறேன்?" என்றாள் ஆத்தாயி அடுப்பைப் பார்த்தபடியே. "மாட்டுக்கொட்டாயில, பருத்திக்கொட்டைப் பானை மேல மூடி வெச்சிருக்கற சட்டியில எட்டு நாளா சும்மாதான் கெடக்குது."