வணிகவியல் துறையின் இரண்டாம் பரிசு

ஐந்து சீட்டு. ஐந்து பேர். ஆளுக்கு ஒரு ஓட்டு.

கௌரிசங்கர் மறுபடியும் எண்ணிப் பார்த்தான். எண்ணினால் மட்டும் மாறிவிடுமா? தென்காசியில் இருந்த அந்தப் பல்கலைக்கழக மையத்தின் வணிகவியல் துறையில் ஆசிரியர்கள் மொத்தமே ஐந்து பேர். நாளை மறுநாள் சாதனையாளர் பாராட்டு விழா. பரிசு வாங்கும் மாணவர்களின் பட்டியல் தயார். சிறந்த ஆசிரியரை மட்டும் ரகசிய ஓட்டெடுப்பில் தங்களுக்குள் தேர்ந்தெடுத்துக்கொள்வது என்று முடிவாகி, எண்ணுகிற வேலை இவன் தலையில் விழுந்திருந்தது.

ஆளுக்கு ஒன்று என்றால் என்ன அர்த்தம்? தன் பேருக்கு நேரே டிக் போட்டது யாரென்று அவனுக்கே தெரியும். மற்ற நாலு பேரின் யோக்கியதையும் அதுதான் போலிருக்கிறது.

"என்ன வே, யாரு வாரா?" வாசலில் துறைத்தலைவர் முத்துக்குமாரசாமி.

கௌரிசங்கர் சட்டென்று சீட்டுகளை உள்ளங்கையால் மூடிக்கொண்டான். அவன் கௌரவ விரிவுரையாளர். இந்த மாதத்தோடு வேலை முடிகிறது. நீட்டிக்கச் சொல்லும் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் இந்த மனிதர். 'உங்களுக்கு ஒரே ஓட்டு, அதுவும் நீங்களே போட்டது' என்று இவரிடம் எந்த வாயால் சொல்வது?

"சாரல் அடிச்சு சீட்டெல்லாம் நனைஞ்சு போச்சு சார். நாளைக்கு இன்னொரு தடவ வச்சிருவோம். இந்தத் தடவ அவங்கவங்க பேருக்கு அவங்களே போடக் கூடாதுன்னு..."

"அப்படியும் யாராவது போடுவாங்களா என்ன?" என்றார் தலைவர், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

மறுநாள் மத்தியானம் அலுவலக உதவியாளர் தங்கபுஷ்பம் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கௌரிசங்கர் கதவைச் சாத்திவிட்டுப் பிரித்தான். தலைவருக்கு ஒன்று. அது அவனே போட்டது, பிழைப்பு முக்கியமல்லவா. மீதி நாலும் ஏசுவடியானுக்கு!

ஏசுவடியானா? ஸ்டாஃப் ரூமில் அவர் நாற்காலி தூசி படிந்து கிடக்கும். மீட்டிங் என்றால் ஆளே இருக்க மாட்டார். சீசன் வந்துவிட்டால், 'ஐந்தருவியில போயித் தேடும்' என்று தலைவரே சொல்வார்.

யோசிக்க யோசிக்கப் பிடிபட்டது. போட்டிக்காரருக்குப் போட்டால் அவர் ஜெயித்துத் தொலைப்பார். அதனால் ஜெயிக்கவே முடியாத ஆளாகப் பார்த்து எல்லாரும் போட்டிருக்கிறார்கள். அதில் ஒன்று, ஏசுவடியான் விதியை மீறித் தனக்குத் தானே போட்டுக்கொண்டது. அந்த மனுஷனுக்கு என்ன ஆசை பார்!

"எனக்கு எத்தன வே?" என்றார் தலைவர்.

"ஒரே ஓட்டுல போச்சு சார். ரெண்டாவது நீங்கதான்."

தலைவரின் முகம் மலர்ந்தது. "அப்ப ரெண்டாம் பரிசுக்கும் ஒரு கேடயம் சொல்லிரும்."

சனி அங்கேதான் பிடித்தது.

பத்தே நிமிடத்தில் இராமலட்சுமி மேடம் வராந்தாவில் மடக்கினார். "எனக்கு ஒண்ணுகூட விழலியா தம்பி? இருவது வருசமா இங்கன கெடந்து மாரடிக்கேன்." கண் கலங்கிவிட்டது. அவனுக்குப் பாவமாக இருந்தது.

"ஒரே ஓட்டுல போச்சு மேடம். ரெண்டாவது நீங்கதான். வெளிய சொல்லிராதீங்க."

சாயங்காலம் குமரகுரு சார் வண்டி நிறுத்துமிடத்தில் பிடித்தார். வாய் பழகிப்போயிருந்தது. அவருக்கும் அதே பதிலே வந்து விழுந்தது.

விழா நன்றாகத்தான் ஆரம்பித்தது. பல்கலைக்கழக அளவில் முதலிடம் வந்த முத்துசெல்வி பதக்கம் வாங்கியபோது, வீரகேரளம்புதூரிலிருந்து வந்திருந்த அவள் அப்பா பின்வரிசையில் நின்று விசிலடித்தார். அடுத்து ஏசுவடியானுக்குக் கேடயம். பிள்ளைகளின் கைதட்டல் ஓயவே இல்லை. கேலி பண்ணுகிறதுகள் என்று கௌரிசங்கர் நினைத்துக்கொண்டான்.

மைக் அவன் கையில் இருந்தது. "சிறந்த ஆசிரியர், இரண்டாம் இடம்..." என்று இழுத்தான்.

மேடையில் தலைவர் துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். முன்வரிசையில் இராமலட்சுமி மேடம் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். அவருக்குப் பக்கத்தில் குமரகுருவும் எழுந்தார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு மூன்று பேரும் சேர்ந்து கௌரிசங்கரைப் பார்த்தார்கள்.

செத்தோம். வேலை போச்சு.

ஆசிரியர் நின்றால் தாங்களும் எழுந்து பழகிய பிள்ளைகள், அரங்கம் மொத்தமும் எழுந்து நின்றன. சத்தம் கேட்டு, மேடையில் கண்ணயர்ந்திருந்த சிறப்பு விருந்தினர் ஞானதுரை விழித்துப் பார்த்தார். ஊரே நிற்கிறது! பதறி எழுந்து, கைகளை விறைப்பாகத் தொங்கவிட்டு அசையாமல் நின்றார். அவர் நின்ற நிலையைப் பார்த்த மைக்செட்காரர் நாட்டுப்பண்ணைப் போட்டுவிட்டார்.

அப்புறம் யார் அசைவது? பாட்டு முடிந்தது, விழாவும் முடிந்தது. நாட்டுப்பண் முடிந்து மறுபடி உட்கார்ந்த கூட்டம் எந்த ஊரில் உண்டு? பிள்ளைகள் குற்றாலம் பஸ்ஸைப் பிடிக்க ஓடின.

கௌரிசங்கர் திட்டு வாங்கத் தயாராகத்தான் தலைவர் அறைக்குள் போனான்.

"பாத்தீரா வே?" என்றார் அவர். சிரிப்பு காதுவரை இருந்தது. "எம் பேர வாசிக்கதுக்கு முந்தியே ஹாலே எந்திரிச்சு நின்னுட்டு! இனிமே கேடயம் எதுக்குவே? அந்தக் கடிதாசியக் கொண்டாரும்."

கையெழுத்து விழுந்தது. இராமலட்சுமி மேடமும் குமரகுரு சாரும் ஆளுக்கு ஆள் இதே நினைப்பில் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். அப்பாடா! கௌரிசங்கர் வராந்தா பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து கடிதத்தை நாலு தடவை படித்தான். இன்னும் ஒரு வருஷத்துக்குக் கவலையில்லை.

தங்கபுஷ்பம் டீ கொண்டுவந்து கொடுத்தார். மனசு லேசாகிவிட்டதில் அவன் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டான்.

"கூத்தப் பாத்தீங்களாக்கா? ஒருத்தருக்கொருத்தர் பொறாமை. கடைசியில போயும் போயும் ஏசுவடியான் சாருக்குப் போட்டிருக்காங்க. அவரும் தனக்கே ஒண்ணு போட்டுக்கிட்டாரு!"

தங்கபுஷ்பம் காலி கிளாஸை வாங்கிக்கொண்டார். "எங்க சார் போட்டாவ? சொந்தப் பேருக்குப் போடக் கூடாதுன்னதும் நாலு பேருமே 'நீயே எதுலயாவது டிக் போட்டு விடு'ன்னு சீட்ட எங்கையில தந்துட்டாவ. நாந்தான் போட்டேன். எப்பப் போனாலும் கிளாஸ்ல பாடம் நடத்திக்கிட்டு நிக்கது அவரு ஒருத்தருதான சார்?"