தண்ணீர்விட்டான் கிழங்கும் நானும்

பால் வியாபாரத்தில் உச்சரிக்கவே கூடாத சொல் ஒன்று உண்டு: தண்ணீர். இந்த ஞானம் இராயபுரத்தில் எல்லோருக்கும் பிறவியிலேயே இருந்தது. எனக்கு மட்டும் கல்யாணத்துக்குப் பிறகு, ஓட்டல் நிறைய ஆட்கள் இருக்கும்போது வந்தது.

எங்களிடம் ஒரே ஒரு பசு. கல்மண்டபத்தில் காபி ஓட்டல் வைத்திருந்த திருநெல்வேலிக்காரர், "குடம் நிறையக் கொண்டாரும், வாடிக்கை உமக்குத்தான்" என்றிருந்தார். அது கிடைத்தால்தான் என் மனைவி கன்னியம்மாள் ஆசைப்பட்ட தனிக்குடித்தனம். பசுவோ செம்புக்கு மேல் தருவதில்லை என்று விரதம் இருந்தது.

நாட்டுமருந்துக் கடைக்காரர் ஒரு பொட்டலம் கொடுத்தார். "தண்ணீர்விட்டான் கெழங்கு. இட்ச்சுத் தவுட்டுல கலந்து வையி நைனா, பால் ஊறும்."

இடித்தேன். (உலக்கைக்குக் கிழங்கைவிட என் கால் பெருவிரலைத்தான் பிடித்திருந்தது.) சில வாரங்களில் பசு மனம் மாறியது. குடம் நிறைந்தது. தலைகால் புரியாமல் ஓட்டலுக்கு ஓடினேன்.

"என்னவே, போன மாசம் செம்பு, இப்ப குடமா? எப்படி?" என்றார் முதலாளி.

"எல்லாம் தண்ணீர்விட்டான் மகிமைங்க!"

இலையில் தோசை பிய்த்த கைகள் அப்படியே நின்றன.

"யாரு விட்டான்?"

"யாரும் இல்லீங்க. நான்தான். தெனம் ரெண்டு வேளை, ஒரு பிடி."

"தண்ணிய எப்படிவே பிடியில அள்ளுவீரு?"

"தண்ணி இல்லீங்க. தண்ணீர்விட்டான்!"

"அதத்தான்வே கேக்கேன். எவன் விட்டான்?"

மூலையில் இருந்த துறைமுகக் கூலிக்காரர் குறுக்கே வந்தார். "இன்னா நைனா, வுட்டேன்றே, வுடலேன்றே. பேஜாரா கீதே!"

தெளிவுபடுத்துவதாக நினைத்துக்கொண்டு நான், "பால்ல இல்லீங்க, பசுவுக்குள்ளே!" என்றேன்.

"அடப்பாவி! கறக்கறதுக்கு மின்னாடியே கலந்துடறியா? பெரிய கைதான் மாமு!"

அந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை விட்டுத்தான் இருப்பேனோ?

முதலாளி வாங்க மறுத்த பால் குடத்தோடு திரும்பினேன். சேதி எனக்கு முன்பே வீடு போயிருந்தது. கன்னியம்மாள் சாயங்காலம் பசுவையே ஓட்டல் வாசலுக்கு ஓட்டிப்போய், காலிக் குடத்தை எல்லோருக்கும் கவிழ்த்துக் காட்டிவிட்டுக் கறந்தாள். நுரை தளும்பியது. முதலாளி ஒரு சொட்டை நாக்கில் விட்டுப் பார்த்தார்.

"பாலுன்னா இது பாலு! வாடிக்கை உனக்குத்தான் தாயி. ஆனா உங்க வீட்டுக்காரர் மட்டும் இந்தப் பக்கம் வரப்படாது."

தனிக்குடித்தனம் போனோம். பட்டப்பெயரும் கூடவே குடிவந்தது. வருஷங்கள் கழித்து எங்கள் மகளைப் பெண்பார்க்க வந்தவர்கள் தெருமுனையில் என் பெயரைச் சொல்லி விசாரித்திருக்கிறார்கள். யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒருவருக்குப் பொறி தட்டியிருக்கிறது: "தண்ணி வுட்டான்னு சொல்லு சாமி! அதோ, அந்த வூடு."

காபி கொடுத்தோம். மாப்பிள்ளையின் தகப்பனார் டம்ளரைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். கன்னியம்மாள் அதில் ஒரு முழு லட்டைத் திணித்தாள்.

கல்யாணம் நடந்தது. இப்போதும் விருந்தாளிகளிடம் நான் பேச்சை ஆரம்பித்தால் போதும், பேரப்பிள்ளைகள் லட்டு எடுக்க ஓடுகிறார்கள்.