மேயர் தெருவில் பனி இல்லை

தெருவில் பனி இல்லை. மேயர் வென்டல் ஓஸ்ட்பி ஜன்னல் திரையை விலக்கி இன்னொரு முறை பார்த்தார்.

குளிர்காலத்தின் முதல் பனி. ஊரெல்லாம் முழங்கால் வரை கிடக்க, மேயர் வீட்டுத் தெரு மட்டும் துடைத்துவிட்டாற்போல இருந்தது. புதன்கிழமை தேர்தல். நாலு முறை ஜெயித்த மனிதர் ஐந்தாவது முறை நிற்கிறார். எதிர்த்து நிற்கும் டார்லீன் அதற்குள் டோனட் கடையில், "மேயர் காரு மட்டும் வழுக்காது பாருங்க" என்று பற்ற வைத்துவிட்டாள்.

"இது அவ வேலைதான் மார்ஜ். பனி தள்ளுற வண்டிக்காரங்களைக் கையில போட்டுக்கிட்டா."

"தெருவைச் சுத்தம் பண்ணியா ஒருத்தர் பேரைக் கெடுப்பாங்க?" என்றாள் மனைவி.

"உனக்கு அரசியல் தெரியாது."

போன மாதம்தான் மில் சந்துப் பாதையை அடைத்து, பிள்ளைகளுக்கு ஹாக்கித் திடல் போட்டு, ரிப்பன் வெட்டியிருந்தார். அத்தனை ஓட்டும் இந்தப் பாழாய்ப்போன பனியோடு போய்விடுமோ? சாலைத் துறை ரஸ்ஸுக்குப் போன் போட்டார்.

"என் தெருப் பனியைக் கடைசியா தள்ளு."

"அதுல ஒரு சிக்கல் இருக்கு மேயரே..."

"எனக்கு நொண்டிச் சாக்கு வேண்டாம்."

மறுநாளும் பனி. மறுநாளும் அவர் தெருதான் முதலில்.

"ரஸ்ஸும் அவ ஆளுதான்" என்று பல்லைக் கடித்தார். "நீயாவது எனக்குத்தானே ஓட்டுப் போடுவே?"

மார்ஜ் காப்பியை ஊற்றினாள். அதையும் அவர் மனதில் குறித்துக்கொண்டார்.

தேர்தலன்று விடியுமுன்னே பிக்கப்பைத் தெருவுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சாலைத் துறை டிரைவர் டோரீன் ஓட்டிவந்த பனி வண்டி கிறீச்சிட்டு நின்றது. அதன் பின்னால் இன்னும் இரண்டு வண்டிகள். பக்கத்து வீட்டு க்ளென் மேலங்கியோடு வந்து போனை நீட்டினான்.

"நல்லா படம் எடு க்ளென். ஊரே பாக்கட்டும்" என்றார் மேயர். "ஊர் முழுக்கத் தள்ளி முடிக்கிற வரைக்கும் ஒரு வண்டி என் தெருவுல நுழையாது. எந்த மேயர் இப்படிச் செய்வான்?"

"எவனும் செய்ய மாட்டான்" என்றான் க்ளென்.

மேயருக்கு நெஞ்சு நிறைந்தது. டோரீன் கண்ணாடியை இறக்கி, நிதானமாகச் சொன்னாள்:

"எங்க வண்டி ஷெட்டுலேர்ந்து ஊருக்குள்ள போக ரெண்டே வழிதான் மேயரே. ஒண்ணுல நீங்க ஹாக்கித் திடல் போட்டுட்டீங்க, இன்னொண்ணுல உங்க பிக்கப் நிக்குது."