ஒன்பதால் வகுத்தல்

போன மாசக் கணக்கில் அப்துல் ஜப்பாரின் வீடு கடைசி. வேறு யார் வீடாவது என்றால் போகட்டும் என்று விடலாம். வியாபாரிகள் சங்கத்தில் 'பசுமை இல்லம்' போட்டியைக் கொண்டுவந்ததே அவர்தான். கள்ளக்குறிச்சி கடைவீதியில் மைக் பிடித்துச் சிக்கனம் பேசியவரும் அவர்தான். இந்த மாசமும் கடைசி என்றால் பாத்திரக்கடையில் எந்த முகத்தோடு உட்காருவது?

கணக்கெடுக்கும் செந்தமிழ்ச்செல்வி பொறுமையாகச் சொல்லிவிட்டாள். கரண்ட், கேஸ், பெட்ரோல் எல்லாவற்றையும் கூட்டி, வீட்டு ஆள் கணக்கால் வகுப்பதுதான் விதி; தலைக்குக் குறைவாக வரும் வீட்டுக்குப் பரிசு. மூன்று பேர் திறந்தாலும் ஒன்பது பேர் திறந்தாலும் ஃபிரிட்ஜ் ஒன்றுதானே. ஜப்பார் வீட்டில் அவர், மனைவி மெஹ்ராஜ் பேகம், மகள் ஃபரீன், அவ்வளவுதான்.

ஆள்தானே கம்மி? சங்கராபுரத்தில் கடை வைத்திருக்கும் தம்பி சுபைரை, குடும்பத்தோடு வந்து ஒரு மாசம் இருக்கச் சொன்னார். அவனும் சங்கத்து உறுப்பினன்தான் என்பதால் காரணத்தை மட்டும் மறைத்துவிட்டார். ஆறு பேரும் வந்து இறங்கினார்கள்.

மறுநாளே ஆரம்பித்தது வினை. தம்பியின் கடையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் சங்கராபுரத்தில். தினம் இரண்டு வண்டி போய் வந்ததில் பெட்ரோல் எகிறியது. எல்லோரையும் பஸ்ஸுக்கு மாற்றினார். முதல் பஸ்ஸுக்கு ஒரு சமையல், ஃபரீனின் காலேஜுக்கு ஒரு சமையல், மற்றவர்களுக்கு இன்னொன்று என்று அடுப்பு அணையவே இல்லை. ஃபேனையாவது மிச்சம் பிடிப்போம் என்று ஒன்பது பேரையும் ஒரே அறையில் படுக்கவைத்தார். புழுக்கம் தாங்காமல் தம்பி ஏசியைப் போட்டான். வரவழைத்த விருந்தாளியிடம் அணை என்று சொல்ல முடியுமா? மனுஷன் வயிறெரிந்து படுத்திருந்தார்.

"மோட்டாரு மூணு வாட்டி ஓடியும் தண்ணி பத்தல. இன்னாங்க இதெல்லாம்?" என்றாள் மெஹ்ராஜ் பேகம்.

"ஓடட்டும். ஒம்போதால வகுத்துடுவாங்க."

"அதுக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன். எட்டால வகுக்கச் சொல்லுங்க."

மாசக் கடைசியில் செந்தமிழ்ச்செல்வி வந்தபோது, ஜப்பார் ஒன்பது பேரையும் கூடத்தில் நிறுத்திவைத்திருந்தார். அவளோ மீட்டரைக் குறித்துக்கொண்டு கிளம்பப் பார்த்தாள்.

"தலைய எண்ணிக்கம்மா," என்றார் ஜப்பார்.

"எண்ண வேணாம் பாய், அது ரேஷன் கார்டுபடிதான்," என்றாள் அவள். "உங்க கார்டுல மூணு பேரு, இவங்க ஆறு பேரும் சங்கராபுரம் கார்டு, அங்க இந்த மாசம் அடுப்பே எரியல, மீட்டரே ஓடல, மொதப் பரிசு உங்க தம்பி வூட்டுக்குத்தாங்க."