மணி என்று கூப்பிட்டால் திரும்பாதே

மலாக்காவில் ‘மணி’ என்ற பெயரைப் பற்றிக் கச்சான்காரரைவிட அதிகம் பேசியவர் இதுவரை பிறக்கவில்லை. பிறந்திருந்தால் பாவம், அவருக்குப் பேச இடமே கிடைத்திருக்காது.

கச்சான் என்றால் கடலை. வறுத்த கடலையையும் காராசேவையும் மரத்தட்டில் நிரப்பித் தலையில் தூக்கிக்கொண்டு எங்கள் காஜா பேராங் வட்டாரம் முழுக்க விற்றுவருவார். அவருக்கும் பெற்றவர்கள் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். யாரும் கேட்டதில்லை. எங்களுக்கு அவர் கச்சாண்ணே.

எங்கள் பக்கம் தடுக்கி விழுந்தால் ஒரு மணி மேல்தான் விழ வேண்டும். சுப்பிரமணியம் என்று பெயர் வைப்பார்கள், தொட்டிலிலேயே மணி ஆகிவிடுவான். மணிகண்டனும் மணி, மணிமாறனும் மணி. மாடு வைத்திருந்தவன் பால் மணி, தையல் மிஷின் மிதித்தவர் தையல் மணி. தலைமுறை தலைமுறையாக மலாக்காச் செட்டிகள் குடியிருக்கும் செட்டி கம்பத்தில் தமிழே பேச வராத, மலாய் மட்டும் பேசுகிற மணி ஒருவனும் இருந்தான். சீனர் கடையில் குமாஸ்தாவாக இருந்த நான் கிராணி மணி. தெருவில் யாராவது “மணி என்ன?” என்று நேரம் கேட்டால், எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து “என்னாங்க?” என்று தலை நீளும்.

மணிகளின் குணத்தைக் கச்சான்காரர் கரைத்துக் குடித்திருந்தார். மணி என்று பெயர் வைத்தவன் சூடு ஆறும்வரை காத்திருந்து காப்பி குடிக்க மாட்டானாம். ரகசியம் தாங்க மாட்டானாம். மாமியார் வீட்டில் நல்ல பெயர் எடுப்பானாம், சொந்த வீட்டில் எடுக்க மாட்டானாம். எல்லாவற்றுக்கும் மேலே, ஒரே கூப்பாட்டில் திரும்பிவிடுவானாம். “கோவிந்தசாமியக் கூப்பிட்டுப் பாரு. நீ பேர முடிக்கிறதுக்குள்ள அவன் யோசிச்சு, வேணாம்னா சந்துல பூந்துருவான். மணிக்கு அந்த அவகாசம் கிடையாது” என்பார். நிரூபித்துக் காட்ட பசார் நடுவில் நின்று “மணீ!” என்று ஒரு குரல் விடுவார். மீன் வாங்கிக்கொண்டிருந்தவன், சண்டை போட்டுக்கொண்டிருந்தவன், சவரத்துக்கு முகம் கொடுத்திருந்தவன் எல்லாம் திரும்புவான். சவரக்காரர் இவரை ஒருமுறை கத்தியோடு துரத்தினார்.

ஜப்பான்காரன் வந்ததும் கடிகாரங்களையெல்லாம் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பச் சொன்னான். கச்சான்காரர் அதைக் கேட்டுவிட்டு, “சுவத்து மணிய மாத்திட்டான். அடுத்து மனுச மணி மேலதான் கை வைப்பான்” என்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

கடலை கிடைக்காமல் போனது. அதே தட்டில் அவித்த மரவள்ளிக்கிழங்கு வந்தது. கூவுவது மட்டும் கச்சான் என்றுதான்.

அப்போதுதான் பால் மணி காணாமல் போனான். உச்சிவெயில் நேரம், தெருவில் ஈ காக்கை இல்லை. தென்னந்தோப்புச் சந்துக்குள்ளிருந்து யாரோ “மணி” என்று கூப்பிட்டார்களாம், மெதுவாக, வீட்டு மனுஷர் கூப்பிடுகிற மாதிரி. மாட்டைப் பிடித்தபடி உள்ளே போனான். அவன் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து மாடு மட்டும் கயிற்றை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தது. அதற்கப்புறம் அந்த மாடு அந்தச் சந்துப் பக்கம் போகவே இல்லை. அடித்தாலும் காலை ஊன்றிக்கொண்டு நின்றுவிடும்.

அடுத்து தையல் மணி. மிஷினில் பாதி தைத்த சட்டை, ஊசி துணிக்குள்ளேயே நிற்கிறது, இஸ்திரிப் பெட்டியில் கரி கனன்றுகொண்டிருக்கிறது. ஆள் இல்லை. பக்கத்துக் கடைக்காரர், யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டது காதில் விழுந்தது என்றார். எந்தக் குரல் என்று கேட்டதற்கு, தெரிந்த குரல் மாதிரி இருந்தது, அதற்குமேல் நினைவுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு அன்றே கடையை அடைத்துவிட்டார்.

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள், லாரியை மறைவில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று சிலர் சொன்னார்கள். பேய் என்று சிலர். இரண்டையும் நம்பியவர்கள்தான் அதிகம்.

கச்சான்காரர் அன்றோடு விளையாட்டை நிறுத்திக்கொண்டார். வீடு வீடாகப் போய் மணிகளுக்கெல்லாம் பெயர் மாற்றினார். என் வீட்டுக்கு வந்தவர் தட்டைக்கூட இறக்கி வைக்கவில்லை. இனிமேல் நீ கோவிந்தசாமி என்றார். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை என்றேன். பிடிக்காத பேர்தான் நல்லது, கூப்பிட்டால் திரும்பத் தோன்றாது என்றார். செட்டி கம்பத்து மணிக்கு வேங்கடாசலபதி என்று வைத்தார். பாவம், அவன் அதைச் சொல்லத் தெரியாமல் ஒரு வாரம் வெளியே வரவில்லை.

பெயர் வைத்ததோடு விடவில்லை, பழக்கவும் செய்தார். எங்காவது மறைந்து நின்றுகொண்டு பின்னாலிருந்து “மணி” என்பார். திரும்பினால் தலையில் குட்டு. நான் நிறைய வாங்கினேன். ஜப்பான் சிப்பாய்க்குக் குனிந்து வணக்கம் வைத்துக்கொண்டிருந்தபோதுகூட ஒருநாள் பின்னாலிருந்து கூப்பிட்டார். குனிந்தபடியே திரும்பினேன். சிப்பாயிடம் ஓர் அறை, தெருத் திருப்பத்தில் இவரிடம் ஒரு குட்டு.

ஊர் அவருக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டியது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

செங் கிராமத்துப் பக்கம் கிழங்கு வாங்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு திரும்பிய ஒரு நண்பகல். டயர் கிடைக்காத காலம். சக்கரத்தில் ரப்பர்க் குழாயைச் சுற்றியிருந்ததால் ஓட்ட முடியாமல் தள்ளிக்கொண்டு வந்தேன். தென்னந்தோப்புச் சந்து முனையைக் கடக்கும்போது கோழிச் சத்தம், குழந்தைச் சத்தம் எதுவுமே இல்லை என்பது திடீரென்று உறைத்தது. காற்று இல்லை. ஆனால் ஓலைகள் அசைந்தன.

“மணி.”

பால் மணியின் குரல். சந்தேகமே இல்லை. தினம் காலையில் வாசலில் நின்று “மணி, சொம்பு எடுத்தா” என்பானே, அதே இழுப்பு. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, வந்துவிட்டான் என்று. கழுத்து தானாகத் திரும்ப ஆரம்பித்தது. அதை நிறுத்த என்னால் ஆகவில்லை.

அப்போது எதிரே வந்த கச்சான்காரர், “வந்துட்டேங்க!” என்று தெருவே கேட்கக் கத்தினார். சந்துப் பக்கம் பார்த்து, “நான்தாங்க மணி, இதோ வந்துட்டேன்” என்றார். தட்டோடு என்னை ஒட்டி நடந்து வந்து, உதடு அசையாமல் சொன்னார்.

“கோவிந்தசாமி, சைக்கிளைத் தள்ளு. கீழ பாத்துக்கிட்டே போ.”

நான் கீழே பார்த்துக்கொண்டே போனேன். அவர் கால்கள் சந்துக்குள் திரும்புவதை மட்டும் பார்த்தேன். பின்னால் இன்னொரு முறை “மணி” என்று கேட்டது. “அதான் வந்துட்டேன்ல” என்று அவர் சலித்துக்கொண்டார். பிறகு லாரி உறுமிக் கிளம்பியது. எங்கள் பகுதியில் அதற்குப் பிறகு எந்த மணியையும் யாரும் கூப்பிடவில்லை.

சண்டை முடிந்து தையல் மணி மட்டும் திரும்பி வந்தார், எலும்பும் தோலுமாக. பால் மணி ரயிலிலேயே பேதி கண்டு செத்துவிட்டான், சயாம் மண்ணை மிதிக்கவே இல்லை என்றார். அதாவது, நான் அவன் குரலைக் கேட்பதற்கு வெகு நாள் முன்னால். அந்தச் சந்தில் என்னைக் கூப்பிட்டது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கச்சான்காரரைப் பற்றிக் கேட்டேன். தையல் மணி முதலில் சிரித்தார், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகாமில் அவர் மணி என்றே பேர் கொடுத்திருந்தாராம். காலையில் பேர் கூப்பிடும்போது மணிகளில் எவன் காய்ச்சலில் கிடந்தாலும், எவன் செத்தே போயிருந்தாலும், இவரே வேறு வேறு குரலில் ஜப்பான் பாஷையில் “ஹை” என்று ஆஜர் சொல்லிவிடுவாராம். அந்தச் சோற்றை வாங்கி மிச்சமிருந்த மணிகளுக்குப் பிசைந்து ஊட்டுவாராம். மழைக்காலத்தில் அவருக்கே காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்தார். அன்று மணி என்று கூப்பிட்டபோது மிச்சமிருந்த மணிகளில் ஒருவருக்கும் குரல் எழவில்லையாம்.

தை பிறந்தால் நான் கோயிலுக்குப் போய் அவர் பேருக்கு அர்ச்சனை செய்வது வழக்கம். முதல் வருஷம் குருக்கள் பெயர் கேட்டபோது மணி என்றேன். “உங்க பேருக்குத்தானே?” என்றார்.

“இல்ல சாமி. எங்க அண்ணன் பேருக்கு.”